அதிர்வுப் பலகையும் முதுமையின் எலும்பும்



முதியோர் வாழும் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு கருவி இடம்பெற்று வருகின்றது. உடல் எடை பார்க்கும் கருவியைவிடச் சற்றே அகன்று, தரையோடு தரையாக அமைந்து, மின்விசையால் ஓயாது நடுங்கும் பலகை அது. முழுவுடல் அதிர்வுப் பலகை என்பது அதன் பெயர்; கடைவீதி வழக்கில் வைப்ரேஷன் பிளேட். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் அதன்மேல் நின்றால் போதும், வியர்வை சிந்த வேண்டாம், நடக்க வேண்டாம், எலும்பு தானாக உறுதிபெறும் என்று விற்போர் கூறுகின்றனர். தாயின் முதுகு கூனுவதைக் காணும் மகனுக்கும், தந்தை இடறி விழுவாரோ என்று அஞ்சும் மகளுக்கும் இச்சொற்கள் பெரும் ஆறுதலாக ஒலிக்கின்றன. அன்பின் மிகுதியால் கருவி வாங்கப்படுகின்றது. வாங்கியபின் அதன்மேல் ஏறி நிற்பவரோ எலும்பு மெலிந்த ஒரு முதியவர்.

ஆகவே மூன்று வினாக்களுக்கு விடை காண்பது கடமையாகின்றது. அதிர்வு உண்மையில் எலும்பை வளர்க்கின்றதா? அது தீங்கற்றதா? யார் அதன்மேல் நிற்கலாம், யார் நிற்கலாகாது? இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வுரை ஆராய்கின்றது.

எலும்பு உயிருள்ள பொருள்

எலும்பு கல்லன்று. வீட்டுக்கு ஊன்றிய தூண்போல ஒருமுறை அமைந்து அப்படியே நிற்பதும் அன்று. அதனுள் மூவகை உயிரணுக்கள் இடையறாது பணி செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பைக் கரைக்கின்றது. மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டுகின்றது. மூன்றாம் வகை எலும்பினுள்ளேயே புதைந்திருந்து, எவ்விடத்தில் சுமை மிகுகின்றது, எவ்விடத்தில் குறைகின்றது என்று உணர்ந்து மற்ற இரண்டிற்கும் குறிப்புணர்த்துகின்றது. சுமை தாங்கும் இடத்தில் எலும்பு தடிக்கும். சுமையற்ற இடத்தில் மெலியும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை நிலைநாட்டினார். இன்றும் அது அவர் பெயராலேயே வோல்ஃப் விதி எனப்படுகின்றது.

இவ்விதிக்கு வான்வெளியினும் தெளிவான சான்று வேறில்லை. எடையற்ற நிலையில் மாதக்கணக்கில் மிதந்து வாழும் விண்வெளி வீரர்கள், உடல் சுமக்கும் இடுப்பெலும்பில் மாதத்திற்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை எலும்பின் அடர்த்தியை இழக்கின்றனர். நல்லுணவு உண்டும், மருத்துவர் கண்காணிப்பில் இருந்தும் இவ்விழப்பு நேர்கின்றது. குறைந்தது சுமை ஒன்றே.

முதுமையில் கட்டும் வேலை தளர்ந்து, கரைக்கும் வேலை மேலோங்குகின்றது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைவதால் இச்சரிவு மேலும் விரைகின்றது. அடர்த்தி மிகக் குறைந்த நிலையே எலும்புப்புரை நோய். உலக நலவாழ்வு நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோலின்படி, டெக்ஸா ஸ்கேன் பரிசோதனையில் டி மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருப்பின் அது எலும்புப்புரை; மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடைப்பட்டால் அது அடர்த்திக் குறைவு. இந்நோய்க்கு வலியில்லை, வீக்கமில்லை. எலும்பு முறியும் நாளன்றே பலருக்கு அது தெரியவருகின்றது.

செம்மறியாட்டிலிருந்து தோன்றிய நம்பிக்கை

சுமையே எலும்பை வளர்க்குமெனில், சுமை தூக்க இயலாத முதியவருக்கு அச்சுமையின் குறிப்பை மட்டும் வேறு வழியில் ஊட்டலாகாதா? இவ்வினாவே அதிர்வுப் பலகையின் வித்து. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளிண்டன் ரூபினும் அவர்தம் குழுவினரும் இவ்வழியில் ஆராய்ந்தனர். வளர்ந்த செம்மறியாடுகளின் பின்னங்கால்களுக்கு நாள்தோறும் 20 நிமிடம், மிக மென்மையான, ஆனால் விரைவான அதிர்வை ஓராண்டுக் காலம் அளித்தனர். முடிவில் அவற்றின் தொடையெலும்பு மேற்பகுதியின் பஞ்சுபோன்ற உள்ளெலும்பு, அதிர்வு பெறாத ஆடுகளைவிட 34.2 விழுக்காடு கூடுதல் அடர்த்தியுடன் விளங்கிற்று. 2001இல் நேச்சர் இதழில் இச்செய்தி வெளிவந்தது. உலகம் வியந்தது, வணிக உலகம் விரைந்தது.

ஆயினும் இங்கு இரண்டு செய்திகளைக் கருத்தில் இருத்தல் வேண்டும். ஆடு நான்கு கால்களில் நிற்பது. மனிதன் இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்பவன். அடுத்து, அந்த ஆய்வில் பயன்பட்ட அதிர்வு உடலைக் குலுக்கும் அதிர்வன்று. நிற்பவர் உணர்வதே அரிதான நுண்ணதிர்வு. இன்று கடைகளில் விற்கப்படும் பல பலகைகளின் குலுக்கலுக்கும் அதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. அத்தொலைவைப் பின்னர்க் கணக்கிட்டே காணலாம்.

மனிதரிடம் கண்ட முடிவுகள்

பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில் 58 முதல் 74 வயது வரையுள்ள 70 பெண்களைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஆறு மாதம் அதிர்வுப் பலகையின்மேல் பயிற்சி செய்த பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி 0.93 விழுக்காடு கூடிற்று. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு எனினும் நம்பிக்கைக்கு இடமளிக்கும் முடிவே. ஆனால் அப்பெண்கள் வெறுமனே நிற்கவில்லை. பலகையின்மேல் முழங்கால் மடித்து எழும் பயிற்சிகளையும் செய்தனர் என்பதை மறத்தலாகாது.

அதன்பின் பெரிய ஆய்வுகள் வந்தன. கனடாவின் டொராண்டோ நகரில், அடர்த்திக் குறைவுள்ள 202 பெண்களை மூன்று பிரிவாக்கினர். இரு பிரிவினர் ஓராண்டுக் காலம் நாள்தோறும் 20 நிமிடம் தத்தம் இல்லத்திலேயே மென்மையான அதிர்வுப் பலகையில் நின்றனர். ஒரு பிரிவின் பலகை நொடிக்கு 30 முறையும் மற்றதன் பலகை 90 முறையும் அதிர்ந்தது. மூன்றாம் பிரிவினர் நிற்கவில்லை. அனைவருக்கும் கால்சியமும் வைட்டமின் டியும் அளிக்கப்பட்டன. 2011இல் வெளியான முடிவு தெளிவானது: எலும்பின் அடர்த்தியிலோ அமைப்பிலோ மூன்று பிரிவுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 174 முதியோரிடம் இரண்டாண்டுகள் நிகழ்ந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 82. ஒரு சாரார் உண்மையாக அதிரும் பலகையிலும், மற்றொரு சாரார் அதிர்வதுபோல் தோற்றம் மட்டும் தரும் பலகையிலும் நாள்தோறும் பத்து நிமிடம் நின்றனர். இங்கும் எலும்படர்த்தியில் வேறுபாடு தோன்றவில்லை.

ஹாங்காங்கில் 60 வயதைக் கடந்த 710 பெண்களைக் கொண்டு 18 மாதம் நிகழ்ந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அடர்த்தியில் பயனில்லை என்பதே அங்கும் கண்ட முடிவு. ஆனால் வேறொரு நன்மை தென்பட்டது. அதிர்வு பெற்றோருக்குக் கால் தசை வலிமையும் உடல் சமநிலையும் மேம்பட்டன. கீழே விழுதலும் குறைந்தது. எலும்பு முறிவுகளில் மிகப் பல விழுவதனாலேயே நேர்கின்றன ஆதலால், இந்நன்மையைச் சிறிதென்று ஒதுக்குதல் நேர்மையாகாது. எனினும் ஒப்பிடப்பட்ட மற்றைப் பிரிவினர் எவ்விதப் பயிற்சியும் பெறாதவர்கள். பயிற்சியே செய்யாமையைவிட அதிர்வு மேல் என்று இவ்வாய்வு காட்டுகின்றது. முறையான உடற்பயிற்சியைவிட அதிர்வு மேல் என்று காட்டவில்லை.

அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு மற்றும் தர முகமை 2011இல் அதுவரை வெளிவந்த சான்றுகளைத் திரட்டி ஆராய்ந்தது. எலும்புப்புரையைத் தடுக்கவோ போக்கவோ அதிர்வு பயன்படும் என்று உரிமை கொண்டாட மேலும் ஆய்வுகள் வேண்டும் என்பதே அதன் முடிபு.

ஆக, முதல் வினாவுக்கான விடை இது: ஆட்டில் பெரும்பயன், மனிதரில் மிகச் சிறிது அல்லது ஒன்றுமில்லை.

ஒரே பெயர், இரு வேறு கருவிகள்

இரண்டாம் வினாவாகிய தீங்கின்மைக்கு வருமுன், அதிர்வைப் பற்றிச் சிறிது கணக்கு அறிதல் நன்று. ஓர் அதிர்வை அளக்க இரண்டு எண்கள் வேண்டும். நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்பது அதிர்வெண்; அதனை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். நடுநிலையிலிருந்து எவ்வளவு தொலைவு ஏறி இறங்குகின்றது என்பது வீச்சு. இவ்விரண்டும் சேர்ந்தே உடலில் படும் விசையாகிய முடுக்கத்தை நிறுவுகின்றன. வீச்சு இரு மடங்கானால் முடுக்கமும் இரு மடங்காகும். அதிர்வெண் இரு மடங்கானாலோ முடுக்கம் நான்கு மடங்காகும். பொத்தானை ஒருமுறை அழுத்தி 15 ஹெர்ட்ஸை 30 ஹெர்ட்ஸாக ஆக்குபவர், விசையை நான்கு மடங்கு கூட்டிவிடுகின்றார். இதனை அவர் அறிவதில்லை.

ஆய்வுகளில் பயன்பட்ட மென்மையான பலகையின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் மூன்று பங்கு. 30 ஹெர்ட்ஸில் இவ்வளவு முடுக்கத்திற்கு வேண்டிய வீச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். மாறாக, உடற்பயிற்சிக் கூடத்துப் பலகையொன்று அதே 30 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் வீச்சுடன் அதிருமாயின், அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கிற்கும் மேலாகும். முந்தையதைவிட இது இருபது மடங்கிற்கும் மிகுதி. புவியீர்ப்பை விஞ்சிய முடுக்கத்துடன் மேலும் கீழும் அசையும் பலகையில், இறங்கும் கணத்தில் பாதம் பலகையை விட்டு நீங்கக்கூடும். ஏறும் கணத்தில் பலகை வந்து பாதத்தை மோதும். நொடிக்கு முப்பது முறை இது நிகழும்.

இரண்டும் ஒரே பெயரால் விற்கப்படுகின்றன என்பதே இங்குள்ள இடர். மென்மையான பலகையால் செய்த ஆய்வைச் சான்றாகக் காட்டி வன்மையான பலகையை விற்பது, மோர் உடலுக்கு நல்லது என்று சொல்லிச் சுண்ணாம்பு நீரை ஊற்றுவதை ஒக்கும். இரண்டும் வெண்மையே, ஆனால் ஒன்றன்று.

தொழிற்கூடங்கள் கற்பித்த பாடம்

அதிர்வு மனிதவுடலுக்கு என்ன செய்யும் என்பதை மருத்துவம் முதன்முதலில் கற்றது உடற்பயிற்சிக் கூடத்தில் அன்று, கல்லுடைக்கும் இடத்தில். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் செதுக்குவோரை, தொழில் மருத்துவத்தின் முன்னோடியாகிய ஆலிஸ் ஹாமில்டன் என்னும் அம்மையார் 1918இல் ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியலைப் பிடித்து நாள் முழுதும் வேலை செய்த தொழிலாளரின் விரல்கள் குளிர்காலத்தில் வெளுத்து மரத்துப்போயின. நுண்ணிய குருதிக்குழாய்களும் நரம்புகளும் அதிர்வால் சிதைந்ததன் விளைவு அது. பின்னாளில் அதிரும் மேடைமேல் நின்று வேலை செய்த சுரங்கத் தொழிலாளரின் கால்விரல்களிலும் இந்நிலை காணப்பட்டது. கனரக வண்டிகளையும் டிராக்டர்களையும் நெடுங்காலம் ஓட்டுவோருக்கு இடுப்புவலி மிகுதி என்பதும் பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. மனித முதுகெலும்பு 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான மேல்கீழ் அதிர்வுக்கு ஒத்ததிர்ந்து, வந்த அசைவைப் பெருக்கிக்கொள்ளும் இயல்புடையது.

இப்பட்டறிவால் தொழிலாளரைக் காக்க வரம்புகள் எழுந்தன. ஐ.எஸ்.ஓ. 2631 என்னும் பன்னாட்டுத் தர நெறி, முழுவுடல் அதிர்வை அளக்கவும் மதிப்பிடவும் வழிகாட்டுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு ஆணை, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட முழுவுடல் அதிர்வு, நொடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரை எட்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15 மீட்டரை மீறவே கூடாது என்றும் விதித்தது.

இவ்வரம்புகளின் முன் உடற்பயிற்சிப் பலகைகள் எங்ஙனம் நிற்கின்றன? 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, வழக்கமான அளவில் 30 ஹெர்ட்ஸில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் நின்றாலே ஐ.எஸ்.ஓ. நெறி பரிந்துரைக்கும் நாள் வரம்பு கடந்துவிடுகின்றது எனக் கண்டது. 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, விற்பனையில் உள்ள பல கருவிகளின்மேல் மனிதரை நிற்கச் செய்து அளந்தது. அவற்றுள் சில அந்நெறியின் எல்லையை மீறின.

இதனைக் கேட்டு அஞ்சி நடுங்கவும் வேண்டா. அவ்வரம்புகள் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அதிர்வில் உழல்வோருக்காக வகுக்கப்பட்டவை. பத்து நிமிடம் நின்ற ஒவ்வொருவரும் நோயுறுவர் என்பது அவற்றின் பொருளன்று. மேற்கூறிய ஆய்வுகளில் மருத்துவர் கண்காணிப்பில், தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாந்தர் மென்மையான பலகையில் நின்றபோது பெருந்தீங்கு நேர்ந்ததில்லை. ஆயினும் வரம்புகள் உடல் உறுதி படைத்த தொழிலாளரை மனத்திற்கொண்டு எழுந்தவை. கண்ணாடிபோல் மெலிந்த முதுகெலும்புக்கு அவ்வரம்பு போதுமா என்பதற்குச் சான்றில்லை. சான்றில்லாத இடத்தில் துணிவைவிட அடக்கமே அறிவுடைமை.

முழங்கால் உணர்த்தும் முரண்

வன்மையான பலகையில் கால்களை விறைப்பாக நிமிர்த்தி நின்றால் அதிர்வு முதுகுத்தண்டின் வழியே ஏறித் தலையை எட்டும். கண் மங்கும், பற்கள் அதிரும், சிலருக்குத் தலைவலியும் தலைச்சுற்றலும் நேரும். முழங்காலை ஏறத்தாழ 26 முதல் 30 டிகிரி வரை மடித்து நின்றால் தலைக்கு ஏறும் அதிர்வு மிகவும் குறைகின்றது என மேற்சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. ஆகவே முழங்காலை மடிக்குமாறு பயிற்சியாளர் சொல்வது சரியே.

ஆனால் மடிந்த முழங்கால் அதிர்வைத் தாங்கி அடக்கிவிடுவதால், இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் செல்லும் அதிர்வும் குறைந்துவிடுகின்றது. எலும்பு வலுப்பெற வேண்டிய இடங்களோ அவ்விரண்டுமே. நிமிர்ந்தால் தீங்கு மேலேறும். மடித்தால் பயன் கீழேயே தங்கும். விற்பனைத் தாள்கள் இம்முரணைச் சொல்வதில்லை.

நிற்கலாகாதவர் யாவர்?

கீழ்க்காணும் நிலையில் உள்ளோர் மருத்துவரின் தெளிவான இசைவின்றி இப்பலகையின்மேல் கால் வைத்தலாகாது:

கருவுற்ற பெண்கள், அண்மையில் எலும்பு முறிவோ அறுவையோ நேர்ந்தவர்கள், கால் சிரைகளில் இரத்த உறைவு உள்ளவர்கள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கடுமையான இதயநோய் உடையோர், செயற்கை இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுப் பொருத்தியவர்கள், முதுகெலும்பின் இடைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் வலியுடையோர், வலிப்பு நோயினர், சிறுநீரகக் கல்லோ பித்தப்பைக் கல்லோ உள்ளவர்கள், விழித்திரைக் கோளாறு உடையவர்களும் கண்புரை அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்தியவர்களும், நீரிழிவால் பாதத்தில் உணர்விழந்தவர்கள்.

இப்பட்டியலில் கண்ணைக் கண்டு வியப்போர் இருக்கலாம். அதிர்வுப் பயிற்சிக்குப்பின் கண்ணினுள் இரத்தம் கசிந்ததும், பொருத்திய வில்லை இடம் பெயர்ந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவை அரிய நிகழ்வுகளே. ஆனால் முதியோருள் கண்புரை அறுவை செய்துகொண்டோர் பலர்.

எல்லாவற்றினும் எச்சரிக்கை வேண்டுவது மறைந்திருக்கும் முள்ளெலும்பு முறிவு. முதுகெலும்பில் நேரும் முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்று அறியப்படாமலேயே போகின்றன. வயதாகிவிட்டது, முதுகு வலிக்கின்றது, உயரம் சற்றுக் குறைந்துவிட்டது என்று குடும்பத்தார் எண்ணியிருப்பர். உள்ளே முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருக்கும். ஆகவே உயரம் குறைந்தவர், கூன் விழுந்தவர், புதிதாக முதுகுவலி கண்டவர் எக்ஸ்ரே எடுத்துப் பாராமல் அதிர்வுப் பலகையில் ஏறுதல் பெரும் பிழை. எவருடைய எலும்புக்காகக் கருவி வாங்கப்படுகின்றதோ, அவருக்கே அது மிகுந்த இடர் தருவதாக அமைந்துவிடும்.

மருந்தைத் தள்ளிப்போடும் தீங்கு

உடலில் படும் தீங்கினும் காலத்தில் நேரும் தீங்கு பெரிது. எலும்புப்புரை என்று மருத்துவர் கூறியபின், மாத்திரையை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், முதலில் பலகையில் நின்று பார்க்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்யுமாயின், அந்த ஆறு மாதத்தில் எலும்பு காத்திருப்பதில்லை. ஒருமுறை முறிந்தவருக்கு மறுமுறை முறிவதற்கான வாய்ப்பு கூடுகின்றது. இடுப்பெலும்பு முறிந்த முதியவருள் பலர் முன்போல் தாமே எழுந்து நடமாடும் நிலைக்கு மீள்வதில்லை.

மருந்துகளின் பயனோ அளந்தறியப்பட்டது. முள்ளெலும்பு முறிவு முன்னரே நேர்ந்த 2027 பெண்களிடம் அலெண்ட்ரோனேட் என்னும் மருந்தைச் சோதித்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. மருந்து உண்டோருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவும் இடுப்பெலும்பு முறிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. முறிவையே குறைத்தது என்பதைக் கருத வேண்டும். அதிர்வுப் பலகைக்கு இத்தகைய சான்று எதுவும் இல்லை. மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. அதனை மருத்துவரோடு பேசித் தீர்த்துக்கொள்வதே முறை.

பலகையில் நின்றபின் உடல் இலேசாக இருக்கின்றது, கால் வலி தணிந்தது என்று சொல்வோர் உள்ளனர். அது பொய்யன்று, தசைக்கு அதிர்வு இதமளிக்கக்கூடும். ஆனால் தசையின் இதம் எலும்பின் வளர்ச்சிக்குச் சான்றாகாது. மூன்று மாதத்தில் எலும்படர்த்தி கூடிற்று என்று யாரேனும் கூறின், அதனையும் நம்புதற்கில்லை. அத்துணைக் குறுகிய காலத்து மாற்றம், டெக்ஸா அளவீட்டில் இயல்பாக நேரும் ஏற்றத்தாழ்வினுள் மறைந்துவிடும். இதனாலேயே மருத்துவர் ஓராண்டோ இரண்டாண்டோ கழித்தே மறு பரிசோதனை செய்கின்றனர்.

எலும்புக்கு உறுதி தருவன

எதைத் தவிர்ப்பது என்று சொல்லிவிட்டு எதைச் செய்வது என்று சொல்லாமல் விடுதல் தகாது. சுமையே எலும்பின் மொழி. அம்மொழியில் முறைப்படி பேசினால் எலும்பு முதுமையிலும் செவிசாய்க்கின்றது. ஆஸ்திரேலியாவில் எலும்படர்த்தி குறைந்த, 58 வயதைக் கடந்த 101 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வு 2018இல் அச்சேறியது. ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரத்திற்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், தேர்ந்த பயிற்சியாளர் அருகிலிருந்து கண்காணிக்க, படிப்படியாகக் கனமான எடை தூக்கிப் பழகினர். அவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடிற்று. இல்லத்தில் எளிய பயிற்சி மட்டும் செய்த பிரிவினர்க்கோ 1.2 விழுக்காடு குறைந்தது. இதனைப் படித்துவிட்டு நாளையே தனியாக எடை தூக்க முற்படலாகாது. முறையறிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சென்று, தம் எலும்பின் நிலையைச் சொல்லித் தொடங்க வேண்டும்.

அது இயலாதோர் செய்யத்தக்கவையும் உண்டு. கைப்பிடியற்ற நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், அருகில் ஒருவர் துணை நிற்க ஒற்றைக்காலில் சில நொடி நிற்றல் ஆகியவை தசையையும் சமநிலையையும் வளர்க்கும். முதுகெலும்பு மெலிந்தோர் குனிந்து பாதம் தொடும் பயிற்சியையும் இடுப்பை வேகமாகத் திருகும் பயிற்சியையும் விலக்குவது நன்று.

உணவில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. கால்சியமும் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. உண்டு; ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மி.கி. எள்ளும் முருங்கைக் கீரையும் தயிரும் துணை நிற்பன. அக்கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி இன்றியமையாதது. கதிரவன் ஒளி நிறைந்த நாட்டிலும் அதன் குறைபாடு பரவலாக உள்ளது. இரத்தப் பரிசோதனையால் அறிந்து மருத்துவர் சொல்லும் அளவில் கொள்ளுதல் நலம்.

வீட்டினுள் விழாமல் காப்பதும் எலும்பைக் காப்பதே. குளியலறையில் வழுக்காத விரிப்பு, சுவரில் பற்றிக்கொள்ளக் கம்பி, இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை மங்கலான விளக்கு, மடிந்து கிடக்காத மிதியடி ஆகியவற்றின் செலவு, அதிர்வுப் பலகையின் விலையோடு ஒப்பிடச் சிறிதே.

இதற்கு மேலும் விரும்புவோர்க்கு

எல்லாம் கேட்டபின்னும் பலகையில் நிற்க விரும்புவோர் இருக்கலாம். ஏற்கெனவே வாங்கியவரும் இருக்கலாம். அவர்க்குச் சில நெறிகள். முதலில் மருத்துவரிடம் டெக்ஸா அறிக்கையைக் காட்டி இசைவு பெறுக. விற்பவரிடம் அதிர்வெண், வீச்சு, முடுக்கம் என்னும் மூன்று எண்களையும் கேட்டறிக. சொல்ல இயலாதவரிடம் வாங்காது விடுக. முடுக்கம் புவியீர்ப்பை எட்டாத மென்மையான கருவியையே நாடுக. பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லாத பலகையில் முதியவரைத் தனியே நிற்க விடற்க. ஓரிரு நிமிடத்தில் தொடங்கி மெல்ல நீட்டுக. தலை அதிர்ந்தாலோ, கண் மங்கினாலோ, முதுகிலோ மூட்டிலோ வலி தோன்றினாலோ அக்கணமே இறங்கி, மருத்துவரிடம் கூறுக. மருந்தையும் உணவையும் பயிற்சியையும் அதன்பொருட்டு நிறுத்தற்க. அதிர்வு துணையாக இருக்கலாம். மாற்றாக ஆதல் இயலாது.

பெற்றோரின் எலும்பைக் காக்க விழையும் அன்பு போற்றத்தக்கது. அவ்வன்பு கருவியொன்றை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அமைதல் கூடாது. மருத்துவமனைக்கு உடன் சென்று அறிக்கையைக் கேட்டறிதல், மாத்திரையை நாள் தவறாது நினைவூட்டல், மாலையில் கைகோத்து நடத்தல் ஆகியவற்றுக்கு விலையில்லை, பயனோ உண்டு. இவற்றுள் ஒன்றையேனும் இன்றிரவு இல்லம் திரும்பியதும் தொடங்குவோர் உளராயின், இவ்வுரை கேட்ட பொழுது பயனுடையதாகும்.